‘அக்கா, கோட்டை மறுபடியும் விழுந்துடுச்சு!’ - பெரம்பலூர் வெயிலில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரைப் பழக்கிய மூன்று நாள்

“அக்கா, கோட்டை மறுபடியும் விழுந்துடுச்சு!”

மத்தியானம் மூன்றரை மணிக்கு போனில் தம்பி சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விழுந்தது நிஜக் கோட்டை இல்லை. பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் ரஞ்சன்குடி கோட்டையை, சித்தி மகன் தன் கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொண்டிருக்கிறான். கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட். போனில் எடுத்த எழுநூற்றுச் சொச்சம் போட்டோக்களை ஒட்டி, கோட்டையை முப்பரிமாணத்தில் எழுப்பி, அதற்குள் ஓடியாடி விளையாடுகிற மாதிரி ஒரு சின்ன கேம். திங்கட்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும். தினமும் மத்தியானம் கம்ப்யூட்டர் ‘டப்’பென்று அணைந்துவிடுகிறது.

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத கம்ப்யூட்டர். ராமைப் போன தீபாவளிக்கு முன்பே வாங்கியிருந்தான். (அதன்பிறகு ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால், அவன் வாழ்க்கையில் எடுத்த ஒரே நல்ல பொருளாதார முடிவு அதுதான்.) கிராபிக்ஸ் கார்டு பொங்கல் கழித்து, மக்காச்சோளம் விற்ற காசில் வந்தது. மொத்தம் 78,000 ரூபாய். “இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா வித்துட்டு வேற வேலையப் பாரு” என்று சித்தப்பா சொல்லிவிட்டாராம்.

அலுவலகத்தில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

பெரம்பலூருக்கு பஸ்தான். மாவட்டத் தலைநகராகி முப்பது வருடம் ஆகியும் இந்த ஊருக்கு ரயில் கிடையாது. ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் வரும், ஓட்டு எண்ணியதும் போய்விடும். ஆனால், பஸ்ஸில் போவதில் ஒரு லாபம் உண்டு. பெரம்பலூருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் முன்னால், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை தெரியும். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில். கர்நாடக நவாபுகள் காலத்துக் கோட்டை. 1751-ல் சந்தா சாகிபும் முகமது அலியும் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு மோதிய வாலிகண்டபுரம் போர் நடந்தது இந்தப் பக்கம்தான். நூறு பஸ் பயணிகளில் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அன்று நான் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். மாலை வெயிலில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அந்தக் கோட்டை விழவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அடுப்பு

சித்தி வீடு ஊருக்கு வெளியே, பருத்திக்காட்டை ஒட்டி. அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கும் தம்பியின் அறையில் 35 டிகிரி. மேலே வெயிலைப் பகலெல்லாம் குடித்த கான்கிரீட் தளம், மேற்குப் பக்கம் ஜன்னல். அறையின் மூலையில், மர மேஜையின் அடிப்பகுதி அலமாரிக்குள் புத்தம் புது கேபினட். முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கலர் கலராக விளக்கு.

“தூசி படக்கூடாதுன்னு உள்ள வச்சிருக்கேன்க்கா.”

“காத்து எப்படிடா போகும்?”

பதில் இல்லை. எனக்கு ப்ளஸ் டூ-வில் அரசு லேப்டாப் கிடைத்தபோது அதை மெத்தையில் வைத்து கேம் ஆடியவள்தான் நானும். அதனால் திட்டவில்லை.

உள்ளே இருப்பது ரைசன் 5 5600 பிராசஸர், 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. ‘பழைய மாடல் ஆச்சே’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். 2021-ல் வந்த கார்டுதான். ஆனால், இதில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. கோட்டைச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் தெளிவாக வைத்திருக்க அந்த இடம் வேண்டும். போட்டோக்களை ஒட்டி உருவம் ஆக்கும் மெஷ்ரூம் என்கிற இலவச மென்பொருளுக்கும் என்விடியா கார்டு இருந்தால்தான் முழு வேலை நடக்கும். பையன் யோசித்துத்தான் வாங்கியிருக்கிறான்.

யோசிக்காமல் விட்டது, பூட்டிய பிறகு செய்ய வேண்டியவற்றை. முதல் ராத்திரி அதைத்தான் பார்த்தோம். இரண்டு ராம் தகடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகியிருந்தான். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் இருந்தால்தான் இரண்டு பாதையிலும் தகவல் ஓடும். 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம், 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்கிற அமைப்பை நாமே போட்டுவிட்டால்தான் அது தன் வேகத்துக்கு வரும். அடுத்து மானிட்டர். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் அமைப்பில் 60-லேயே நின்றிருந்தது. மாற்றியதும் மவுஸ் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, “மூணு மாசமா இப்படியா இருந்தேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டான். புது கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் இந்த மூன்றையும் இன்றைக்கே பாருங்கள். பத்து பைசா செலவில்லை.

ஆனால், கோட்டை விழுவதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை.

மூன்று மணி சோதனை

மறுநாள் மத்தியானம் மூன்று மணி. அறையில் 39 டிகிரி. கோட்டையை ஓடவிட்டோம். ஐந்து நிமிடத்தில் கார்டின் சூடு 86 டிகிரி. ஃபேன் சத்தம் மாவு மெஷின் மாதிரி ஏறியது. கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது.

முன் கண்ணாடியைக் கழற்றினேன். ஏழு டிகிரி இறங்கியது. கேபினட்டை அலமாரியிலிருந்து வெளியே இழுத்து வைத்தோம். இன்னும் நான்கு. கழற்றிய கண்ணாடியின் இடத்தில், ஜன்னலுக்கு அடித்தது போக மீதி கிடந்த நைலான் கொசுவலையைக் கத்தரித்து ஒட்டினோம். சித்திக்கு மட்டும் வருத்தம், “அழகா இருந்துச்சேப்பா அந்தக் கண்ணாடி.”

தம்பி அதுவரை நம்பியிருந்தது யூடியூபில் பார்த்த அளவுகளை. ‘இந்தக் கார்டு 68 டிகிரிதான் போகும்னு சொன்னாங்க’ என்பான். சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சோதித்த அறை 22 டிகிரி ஏசி அறை. ஃபேன் காற்றைத் தள்ளும், காற்றைக் குளிர்விக்காது. உள்ளே போகிற காற்று 17 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், கார்டும் ஏறக்குறைய அதே அளவு கூடுதல் சூடாகத்தான் இருக்கும். கடையில் ஏசி ஹாலில் அருமையாக ஓடிய கம்ப்யூட்டர் பெரம்பலூரில் கொதிப்பதும் இதனால்தான். கம்ப்யூட்டரை வாங்குவது சென்னையில் இருக்கலாம், அமைப்புகளை மட்டும் அது வாழப்போகும் ஊரில், அந்த ஊரின் மே மாதத்துக்குத்தான் போட வேண்டும்.

சூடு இறங்கிவிட்டது என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காட்டில் யாரோ மோட்டார் போட்டார்கள். டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. யுபிஎஸ் ‘டிக்’ என்றது, நீளமாக ஒரு ‘பீப்’. கம்ப்யூட்டர் இருட்டானது.

“பாத்தியாக்கா? இதான். தினமும் இதான்.”

சூடு அல்ல, கரன்ட்! சித்தப்பாவுக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190. அவ்வளவு இறங்கியதும் யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவுகிறது. அதுவரை சரி. ஆனால், அது 600 விஏ யுபிஎஸ். அந்த எண்ணைப் பார்த்து 600 வாட்ஸ் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வகையில் பெரும்பாலும் 360 வாட்ஸ் வரைதான் தாங்கும். தம்பி கம்ப்யூட்டரின் கணக்கு: கார்டு 170, பிராசஸர் 60, மற்றவை 40, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் எல்லாம் சேர்த்தால் 345-ஐத் தொடுகிறது. கார்டு நடுநடுவே ஒரு நொடி துள்ளி அதிகமாக இழுக்கும். அந்த நொடியில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால், யுபிஎஸ் கையைத் தூக்கிவிடுகிறது.

பெரிய யுபிஎஸ் வாங்கலாம். அதை சித்தப்பாவிடம் யார் சொல்வது? மிச்சமிருந்த ஒரே வழி, கம்ப்யூட்டரின் பசியைக் குறைப்பது.

சித்தப்பா கேட்ட கேள்வி

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்து வைப்பதை ‘அண்டர்வோல்ட்டிங்’ என்பார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற இலவச மென்பொருள் போதும், எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கதவருகே சித்தப்பா நின்றிருந்தார்.

“வோல்ட்டேஜ் கம்மியா வந்தா மோட்டார் காயில் கருகும் பாப்பா. ரெண்டு வருசத்துல மூணு தடவ கட்டியிருக்கேன். நீ வேணும்னே குறைக்கிறேங்கிற?”

நல்ல கேள்வி. எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. மோட்டாருக்கு வோல்ட்டேஜ் குறைந்தாலும் தண்ணீரை இறைத்தே ஆக வேண்டும். அதற்காக அது அதிக கரன்ட்டை இழுக்கும், காயில் சூடாகிக் கருகும். சிப் அப்படி இல்லை. அதற்குக் கொடுக்கும் வோல்ட்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரன்ட்டும் சேர்ந்து குறையும். ரொம்பக் குறைத்தால் கணக்குத் தப்பி புரோகிராம் நின்றுபோகும், கருகாது. அப்படியானால் கம்பெனியே ஏன் குறைத்துக் கொடுப்பதில்லை? ஒரே அச்சில் லட்சக்கணக்கில் செய்யும்போது சில சிப்கள் சூட்டிகையாக வரும், சில மந்தமாக வரும். மந்தமானதும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக வோல்ட்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். நம்ம வீட்டுக்கு வந்தது எந்த ரகம் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“எல்லா மாட்டுக்கும் ஒரே அளவு தீவனம் போடுற மாதிரி” என்றார் சித்தப்பா. உதாரணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

கணக்கு இதுதான். சிப் தின்னும் மின்சாரம் வோல்ட்டேஜின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 1.05 வோல்ட்டை 0.9 ஆக்கினால் குறைப்பு என்னவோ 14 சதவிகிதம்தான், மின்சாரமோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆசையில் நான் முதலில் 0.85-க்குப் போனேன். நாற்பது நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு திரை ஒருமுறை கறுத்து, கோட்டை விழுந்தது. இந்த முறை பழி என்மேல். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 0.9 வோல்ட்டில் 1850 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்தினோம். உங்கள் கார்டுக்கு இது வேறாக இருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

வேகத்தில் இழந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கார்டு 170 வாட்ஸிலிருந்து 125-க்கு இறங்கியது. சூடு 70-க்குள் வந்தது. கேம் ஓடும்போது நொடிக்கு 90 பிரேமுக்கு மேல் போகாதபடியும் ஒரு கட்டுப்போட்டோம். சுவரைச் சுற்றி நடக்கிற கேமுக்கு அது தாராளம். கட்டு இல்லாவிட்டால், வெறும் மெனு திரையைக் காட்டுவதற்குக்கூடக் கார்டு தலைதெறிக்க ஓடும்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் போவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். கேபினட்டைத் தொட்டால் ‘சுருக்’கென்று இருக்கிறதே என்று தம்பி கேட்டதற்கு, பிளக் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் ஒயர் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எர்த் இல்லாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் வடிகட்டி வழியாகக் கசியும் சின்ன மின்சாரம் கேபினட் உடம்பிலேயே நிற்கும். கேமிங் கம்ப்யூட்டரை விடுங்கள், வாஷிங் மெஷினைத் தொட்டாலும் உங்கள் வீட்டில் இப்படி இருந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஒயரைச் சேர்த்துவிட்டு, “எர்த் குழி காஞ்சு கிடக்கு, வெயில் காலத்துல தண்ணி ஊத்துங்க” என்றார். சித்தப்பா தலையாட்டினார். மோட்டார் குழிக்கு ஊற்றுகிற மனிதர் வீட்டுக் குழியை மறந்திருக்கிறார்.

மறுநாள் மூன்று மணி. நான்கு பேரும் அறையில். கோட்டை ஓடுகிறது. மூன்றே கால். மூன்று இருபது. மோட்டார் போட்டார்கள். லைட் சிமிட்டியது. யுபிஎஸ் ‘டிக்’. யாரும் மூச்சு விடவில்லை. கொத்தளத்தின் மேல் கேமரா மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. சித்தி, “பலகாரம் வைக்கிறேன்” என்று எழுந்து போனார். சித்தப்பா குனிந்து கேபினட்டின் பின்னால் கை வைத்து, வருகிற காற்றின் சூட்டைப் பார்த்தார்.

அப்புறம் கேட்டார்: “கரன்ட் பில் எவ்வளவு கூடும்?” 300 வாட்ஸ் என்று வைத்து, தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதுவே தின்றுவிடும். சொன்னேன். முகம் மாறியது. ஆனால், விற்பது பற்றிப் பேச்சு வரவில்லை.

அரியலூர்: கடல் விட்டுப்போன தூசி

மூன்றாம் நாள் தம்பியும் நானும் பைக்கில் அரியலூர் கிளம்பினோம். சுமார் 30 கிலோமீட்டர். அவனோடு படிக்கும் பையனும் இதே மாதிரி ஒன்று பூட்டியிருக்கிறான், “அவனோடதுல சத்தம் தாங்கலக்கா, அப்படியே பாத்துடு” என்றான். ஓசி சர்வீஸ் இன்ஜினீயர் ஆகிவிட்டேன்.

அரியலூரை நெருங்க நெருங்க சாலையோர மரங்களின் நிறம் மாறும். புளிய இலையின்மேல் வெள்ளைப்பொடி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போகும். அரசு ஆலை, தனியார் ஆலைகள் என்று இந்த மாவட்டமே சிமென்ட்டின்மேல் நிற்கிறது. நண்பனின் வீடு அந்த லாரிப் பாதையில். கேபினட்டைத் திறந்தோம். உள்ளே ஒரு வருடத் தூசி, கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாக அப்பியிருந்தது. காற்று போக வழியே இல்லை. அவன் செய்த நல்ல காரியம், ஈரத்துணி போடாமல் இருந்தது. சிமென்ட் கலந்த தூசியில் ஈரம் பட்டால் இறுகிவிடும். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, புளோயரால் ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

பிறகு ஃபேன்களைத் திருப்பினோம். அவன் காற்றை வெளியே தள்ளுவதற்கு மூன்று, உள்ளே இழுப்பதற்கு ஒன்று என்று வைத்திருந்தான். அப்படி வைத்தால் கேபினட்டின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தூசி உறிஞ்சப்படும். உள்ளே இழுப்பதை மூன்றாக்கி, அந்த வாசலுக்கு மட்டும் வலை போட்டுவிட்டால், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். இந்த ஊரில் மாதம் ஒருமுறை அந்த வலையைத் தட்ட வேண்டியிருக்கும். சென்னை வீட்டில் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூடத் தட்டுவதில்லை.

கையெல்லாம் வெள்ளை. கழுவிவிட்டு, பக்கத்தில் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனோம். இந்தப் பகுதி சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்துதான் சுண்ணாம்புக்கல் ஆனது. சுருள் சுருளாக அம்மோனைட்டுகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 2020-ல் குன்னம் பக்கம் ‘டைனோசர் முட்டை’ கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் பரவியது நினைவிருக்கிறதா? அது முட்டை இல்லை, அம்மோனைட் படிமம் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. அதற்கு நேரமில்லை.

“அப்போ நாம ஊதித் தள்ளினது கடல் சிப்பியா?” என்றான் நண்பன். கொஞ்சம் அப்படித்தான்.

“அடுத்த கேம் இதுதான்” என்றான் தம்பி, அம்மோனைட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டே. “கடலுக்கடியில அரியலூர்.” தண்ணீர் காட்டும் கேம் என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வேலை என்று அவனுக்கு அப்போது நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை அரியலூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். விருத்தாசலம் தாண்டும்போது சித்தப்பாவிடமிருந்து போன்.

“பாப்பா, எர்த் குழிக்கு ரெண்டு குடம் ஊத்திட்டேன். தினமும் ஊத்தணுமா, ஒண்ணுவிட்டு ஒரு நாள் போதுமா?”

பின்னால் மாவு மெஷின் சத்தம் கேட்கவில்லை. “ஒண்ணுவிட்டு ஒரு நாள் போதும் சித்தப்பா” என்றேன்.